பூஞ்சையைப் பிடிக்க இன்னொரு பூஞ்சை

அலர்ஜி பரிசோதனைகளிலேயே எதை நம்புவது கஷ்டம் என்று யாராவது கேட்டால், பூஞ்சைக்கானதைத்தான் என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். டஸ்ட் மைட் (வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுயிர்ப் பூச்சி), பூனை, புல் மகரந்தம் போன்றவற்றுக்கான சாறுகள் ஓரளவு தரம் பிடிபட்டவை. பூஞ்சைச் சாறு அப்படியில்லை. ஒரு கம்பெனியின் குப்பியிலிருந்து ஒரு சொட்டை முன்கைத் தோலில் வைத்து ஊசியால் லேசாகக் குத்தினால் அந்த இடம் தடித்துச் சிவக்கும். அதே ஆளுக்கு, அதே பூஞ்சையின் பெயர் ஒட்டிய இன்னொரு குப்பியில் ஒன்றுமே நடக்காது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், சந்தையில் இருந்த குப்பிகளையே எடுத்து, முக்கியமான அலர்ஜிப் புரதம் அவற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். சிலவற்றில் தாராளமாக இருந்தது. சிலவற்றில் கருவியின் கண்ணுக்கே அகப்படவில்லை.

இதற்குக் கம்பெனிக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சாறு எடுக்கிற முறையே அப்படிப்பட்டது. பூஞ்சையைத் திரவத்தில் வளர்ப்பார்கள். மேலே பாய்போலப் படர்வதை எடுத்து அரைத்து, உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி, உறையவைத்து உலர்த்துவார்கள். எந்த ரகப் பூஞ்சை, எத்தனை நாள் வளர்ந்தது, என்ன சர்க்கரை கொடுத்தார்கள், வித்து அதிகமா இழை அதிகமா என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும். போதாக்குறைக்கு, பூஞ்சை தன் சாப்பாட்டை வெளியிலேயே செரித்து உறிஞ்சுகிற உயிர். புரதத்தை அறுக்கும் நொதிகள் அதனிடம் ஏராளம். குப்பிக்குள் வந்த பிறகும் அவை சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் புரதங்களை மென்றுகொண்டே இருக்கும். கைப்பக்குவத்துக்குக் கைப்பக்குவம் மாறுகிற கஷாயம் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் எந்த மூலிகை வேலை செய்தது என்று கேட்டால் காய்ச்சியவருக்கே தெரியாது.

போனால் போகிறது என்று விட்டுவிடக்கூடிய விஷயமும் இல்லை இது. ஆல்டர்னேரியா என்ற கருமை படிந்த பூஞ்சை செடிகளின் இலையிலும் அறுவடைக் காலத்து வயல்காற்றிலும் இருப்பது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1991-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆஸ்துமா முற்றி மூச்சே நின்றுபோன 11 இளவயதினரைப் பார்த்ததில், 10 பேருக்கு ஆல்டர்னேரியா தோல் பரிசோதனை பாசிட்டிவ். அப்படி மூச்சு நிற்காத மற்ற ஆஸ்துமாக்காரர்களில் அது 31 சதவீதம்தான். அதற்குப் பிறகு இந்தப் பூஞ்சையை யாரும் சளி, தும்மல் கணக்கில் வைப்பதில்லை.

எனக்கு வேலை புரதம் தயாரிக்கும் ஆய்வகத்தில். மருத்துவர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை, ரிப்போர்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். கோவில்பட்டியில் இருக்கும் பெரியம்மா ஒருமுறை போனிலேயே பிடித்துக்கொண்டார். "ஏய்யா, மோல்டு மிக்ஸ் பாசிட்டிவ்னு போட்டிருக்கானே, வீட்டுச் சுவரப் பூராவும் சுரண்டிரணுமா?" நான்கைந்து பூஞ்சைகளின் சாற்றை ஒன்றாகக் கலந்து செய்கிற டெஸ்ட் அது. அதிலிருந்து சுவரைச் சுரண்டுவதா, வயலோரம் போகாமல் இருப்பதா, நுரையீரலை ஸ்கேன் எடுப்பதா என்று எதையும் சொல்ல முடியாது. "பெரியம்மா, இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, நெஞ்சு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன். படித்த பிள்ளை இப்படிக் கைவிரிக்கிறானே என்று அவருக்கு வருத்தம்.

சரி, சாற்றை விட்டால் வேறு என்ன வழி? எந்தப் புரதத்துக்கு உடம்பு சண்டைக்கு நிற்கிறதோ அந்த ஒன்றை மட்டும் தனியாகத் தயாரிப்பது. பூஞ்சையிலிருந்து அந்தப் புரதத்தின் மரபணுவை எடுத்து, சாதுவான வேறொரு உயிருக்குள் வைத்து, அதை உற்பத்தி செய்ய வைப்பது. ரீகாம்பினன்ட் அலர்ஜன் என்பது இதுதான். டஸ்ட் மைட்டின் முக்கியப் புரதத்துக்கு 1988-இலும், பிர்ச் மரத்து மகரந்தப் புரதத்துக்கு 1989-இலும் மரபணு கையில் கிடைத்தது. பூஞ்சைகளின் முறை 90-களில் வந்தது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மைக்கேல் பிரைட்டன்பாக் குழு ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் என்ற இரண்டு பூஞ்சைகளையும் எடுத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் டாவோஸில் ரெட்டோ கிராமேரி குழு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சையை எடுத்துக்கொண்டது.

டாவோஸ்காரர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பூஞ்சையின் மரபணுக்களை வைரஸ்களுக்குள் செருகினார்கள். ஒவ்வொரு வைரஸும் தன் மேல்தோலில் ஒரு பூஞ்சைப் புரதத்தைச் சுமந்துகொண்டு நிற்கும், அதற்குரிய மரபணு அதே வைரஸின் வயிற்றுக்குள் இருக்கும். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த ஐஜிஇ ஆன்டிபாடிகளை (அலர்ஜி தரும் பொருளைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதங்கள்) தட்டில் ஒட்டிவைத்து, மேலே இந்த வைரஸ் கூட்டத்தை ஊற்றினார்கள். எது ஒட்டிக்கொள்கிறதோ அது அலர்ஜி தருவது, ஒட்டாததைக் கழுவி ஊற்றிவிடலாம். எந்தப் புரதம் குற்றவாளி என்று ஆராய்ச்சியாளர் ஊகிக்கத் தேவையே இல்லை, நோயாளியின் ஆன்டிபாடியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி ஒரே ஒரு ஆஸ்பெர்ஜில்லஸிலிருந்து ஏறக்குறைய 80 புரதங்கள் வலையில் விழுந்தன. கஷாயம் ஏன் அத்தனை குழப்பமாக இருந்தது என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அடுத்த கேள்வி, எந்த உயிரிடம் உற்பத்தியை ஒப்படைப்பது? ஈ. கோலை பாக்டீரியாதான் மலிவு, வேகம். ஆனால் பூஞ்சைகள் வெளியே சுரக்கும் புரதங்களில் பல, கந்தகப் பிணைப்புகளால் மடிந்து இறுகியவை. பாக்டீரியாவின் உட்புறச் சூழலில் அந்தப் பிணைப்புகள் சரியாக உருவாவதில்லை. புரதம் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். கரைத்து, மறுபடி மடிய வைக்கலாம்தான். ஆனால் ஆன்டிபாடி பார்ப்பது அந்த மடிப்பைத்தான். மடிப்பு மாறினால் டெஸ்டே வீண். தவிர, பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்ஸின் என்ற நச்சு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதை மனிதருக்கு ஊசியாகப் போட முடியாது.

அதனால் ஈஸ்ட். குறிப்பாக பிச்சியா பாஸ்டோரிஸ். வகைப்பாட்டியல்காரர்கள் இதன் பெயரைக் கோமகட்டேல்லா என்று மாற்றி வெகுகாலம் ஆகிறது. ஆய்வகத்தில் இன்னும் எல்லோருக்கும் பிச்சியாதான். மெத்தனாலைத் தின்று வாழக்கூடிய ஈஸ்ட் இது. 70-களில் பிலிப்ஸ் பெட்ரோலியம் என்ற எண்ணெய்க் கம்பெனி இதை வளர்த்துக் கால்நடைத் தீவனமாக விற்கப் பார்த்தது. எண்ணெய் நெருக்கடி வந்து மெத்தனால் விலை ஏற, சோயாவோடு போட்டி போட முடியாமல் திட்டம் படுத்துவிட்டது. ஆனால் ஈஸ்டை அடர்த்தியாக வளர்க்கும் வித்தை மட்டும் மிஞ்சியது. 80-களில் அதையே எடுத்து, மருந்துப் புரதம் தயாரிக்கும் கருவியாக மாற்றினார்கள். நம் ஊருக்கும் இது அந்நியம் இல்லை. 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிச்சியாவில் தயாரானது. கொரோனா காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்ட கோர்பிவேக்ஸின் புரதமும் பிச்சியா செய்ததுதான்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். பூஞ்சை மரபணுவை, மெத்தனாலைச் செரிக்கும் நொதிக்கான பொத்தானுக்கு (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ துண்டு) பின்னால் பொருத்துவோம். மரபணுவுக்கு முன்னால், வெளியே சுரந்துவிடு என்று சொல்லும் ஒரு சிறு துண்டையும் சேர்ப்போம். பேக்கரி ஈஸ்டிலிருந்து இரவல் வாங்கிய துண்டு அது. முதலில் கிளிசரால் கொடுத்து வளர்க்க வேண்டும். கிளிசரால் இருக்கும்வரை பொத்தான் அணைந்தே கிடக்கும். செல்கள் பெருகியதும் சுழற்றிக் கீழிறக்கி, கிளிசராலைக் கொட்டிவிட்டு, மெத்தனால் ஊடகத்தில் போட வேண்டும். பொத்தான் எரியும்.

பிளாஸ்க்கை கால்வாசிக்கு மேல் நிரப்பக் கூடாது, வாயை இறுக மூடவும் கூடாது. மெத்தனாலை எரிக்க ஆக்ஸிஜன் ஏகமாக வேண்டும். இரண்டு மடிப்பு காஸ் துணியைக் கட்டி ஷேக்கரில் விட்டால் ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். மெத்தனால் ஆவியாகவும் போகும் என்பதால் தினமும் ஒரே நேரத்தில் அரை சதவீதம் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எதுவும் கிடையாது. ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் பெரும்பாலும் இந்த வேலை விழும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 32-க்கு மேல் போனால் புரதம் குறையும். சாகிற செல்களிலிருந்து அறுக்கும் நொதிகளும் கசியும். ஏசி மக்கர் செய்கிற மே மாதத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பிச்சியா தன் சொந்தப் புரதங்களை வெளியே அதிகம் விடாது. அதனால் செல்களைச் சுழற்றி நீக்கிய பிறகு மிஞ்சும் மஞ்சள் திரவத்தில் பெரும்பாலும் நமக்கு வேண்டியதே இருக்கும். ஆல்டர்னேரியாவின் பிரதானப் புரதமான ஆல்ட் ஏ 1-ஐ, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம். இந்தப் புரதம் ஜோடியாகத்தான் இருக்கும்; இரண்டு பாதிகளையும் ஒரே ஒரு கந்தகப் பிணைப்பு கோத்து வைத்திருக்கிறது. சும்மா ஓட்டினால் 30 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) பக்கம் ஒரு பட்டை. மெர்காப்டோஎத்தனால் சேர்த்துப் பிணைப்பை அறுத்து ஓட்டினால் அந்தப் பட்டை காணாமல் போய், 15, 16 பக்கம் கீழே இறங்கிவிடும். பக்கத்துப் பக்கத்து வரிசையில் இரண்டையும் பார்த்தால், புரதம் சரியாக ஜோடி சேர்ந்திருக்கிறது என்று பாதி நிம்மதி. மீதி நிம்மதி, நோயாளிகளின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) உள்ள ஐஜிஇ அதைப் பிடிக்கிறது என்று பார்த்த பிறகுதான். ஆல்ட் ஏ 1-ஐ பிச்சியாவில்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. ஸ்பெயினில் யாரோவியா என்ற இன்னொரு ஈஸ்டிலும் செய்து 2012-இல் எழுதியிருக்கிறார்கள்.

ஆஸ்பெர்ஜில்லஸின் ஆஸ்ப் எஃப் 1 கதை வேறு ரகம். (பெயர் வைக்கும் முறை எளிது: பேரினத்தின் முதல் மூன்று எழுத்து, சிற்றினத்தின் முதல் எழுத்து, ஒரு எண்.) 1990-இல் இந்தப் புரதத்தின் வரிசையைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சி. அலர்ஜி தரும் புரதம் என்று பிடித்துவந்தது, மைட்டோஜில்லின் என்று ஏற்கெனவே தெரிந்த நச்சுப்புரதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமின் ஆர்என்ஏவில், ஆயிரக்கணக்கான பிணைப்புகளுக்கு நடுவே, ஒரே ஒரு பிணைப்பை மட்டும் தேடிப் போய் அறுக்கும். அவ்வளவுதான், அந்த ரைபோசோம் அதன்பின் புரதம் செய்யாது, செல் சாகும். எல்லா உயிர்களின் ரைபோசோமிலும் அந்த இடம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஈஸ்டின் ரைபோசோமிலும்தான்.

அப்படியானால் இதை ஈஸ்டில் எப்படிச் செய்வது? தன்னைக் கொல்லும் பொருளைத் தானே செய்யச் சொல்கிறோம். ஆஸ்பெர்ஜில்லஸுக்கும் இதே தலைவலி உண்டு. செய்த கையோடு சுரப்புப் பாதைக்குள் தள்ளி, ரைபோசோம்கள் இருக்கும் பக்கம் வரவே விடாமல் வெளியேற்றிவிடுவதுதான் அது கண்ட வழி. பிச்சியாவும் அதே பாதையை வைத்திருக்கும் உயிர். மாட்ரிட் ஆய்வாளர்கள் 1998-இல் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபா-சார்சின் நச்சை பிச்சியாவிலிருந்து சுரக்க வைத்துக் காட்டினார்கள். சுரக்கும் பாதை, மடிக்கும் உதவியாட்கள், பிணைப்பு போடும் நொதிகள் என்று எல்லாவற்றிலும் ஈஸ்ட் பூஞ்சையின் பங்காளி.

பங்காளி என்றால் தகராறும் உண்டு அல்லவா? இந்தத் துறையில் பேசுகிறவர்கள் ஈஸ்டின் பெருமையைச் சொல்லிவிட்டு இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் போவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். ஈஸ்டும் பூஞ்சைதான். ஆல்டர்னேரியாவிலும் கிளாடோஸ்போரியத்திலும் அலர்ஜி தரும் புரதங்களில் ஒன்று ஈனோலேஸ், சர்க்கரையைச் சிதைக்கும் பாதையில் வேலை செய்யும் சாதாரண நொதி. ஈஸ்டிலும் அது இருக்கிறது, அச்சு அசலாக இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே சாயலில். ஒன்றுக்கு எதிராக உருவான ஐஜிஇ மற்றதையும் பிடிக்கும். ஆஸ்ப் எஃப் 6 என்பது மாங்கனீஸ் சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ். இதன் சாயல் ஈஸ்டில் மட்டுமல்ல, மனிதரிலும் உண்டு. நாள்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் அலர்ஜி உள்ளவர்களின் ஐஜிஇ மனித உடம்பின் சொந்த நொதியையே பிடிப்பதை டாவோஸ் குழு 1996-இல் காட்டியது. ஆகவே ஈஸ்டில் செய்த பூஞ்சைப் புரதத்தோடு, ஈஸ்டின் சொந்த ஈனோலேஸ் துளியூண்டு கலந்து வந்தாலும் டெஸ்ட் பொய் சொல்லும். ஜெல்லில் ஒற்றைப் பட்டை தெரிகிறது என்று திருப்தியடைவது போதாது. வெற்று ஈஸ்டையும் அதே முறையில் சுத்திகரித்து, அதே சீரத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று சர்க்கரைச் சங்கிலி. தான் சுரக்கும் புரதத்தின் சில இடங்களில் ஈஸ்ட் மேனோஸ் என்ற சர்க்கரையின் சங்கிலிகளை மாட்டிவிடும். பேக்கரி ஈஸ்ட் அளவுக்கு பிச்சியா நீளமாக மாட்டுவதில்லை என்பது ஆறுதல். ஆனால் ஈஸ்டின் மேனானுக்கு (அந்த மேனோஸ் சங்கிலிக்கு) எதிரான ஆன்டிபாடிகள் சிலரது ரத்தத்தில் இருக்கும். அவர்கள் விஷயத்தில் ஆன்டிபாடி புரதத்தைப் பிடிக்கிறதா, மேலே தொங்கும் சர்க்கரையைப் பிடிக்கிறதா என்பது தெரியாமல் போகும். சர்க்கரை மாட்டும் இடத்தில் உள்ள அமினோ அமிலத்தை மாற்றிவிடலாம், அல்லது நொதி போட்டுச் சங்கிலியை வெட்டிவிடலாம். இரண்டும் நடைமுறையில் இருப்பவைதான்.

இத்தனை பாடும் பட்டு நோயாளிக்கு என்ன கிடைத்தது? ஏபிபிஏ (அலர்ஜிக் பிராங்கோபல்மனரி ஆஸ்பெர்ஜில்லோசிஸ்) என்ற நோயைப் பார்த்தால் தெரியும். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழலில் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறி, சளியை இறுகவைத்து, குழாய்களையே விரித்துப் பாழாக்குவது. முதலில் விவரிக்கப்பட்டது 1952-இல், இங்கிலாந்தில். இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்கு இருக்கலாம் என்பது 2014-இல் வந்த மதிப்பீடு. எக்ஸ்ரேயில் நிழல் தெரிவதால் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். வெறும் ஆஸ்பெர்ஜில்லஸ் அலர்ஜி வேறு, ஏபிபிஏ வேறு. முழுச் சாற்றை வைத்துச் செய்யும் டெஸ்ட் இரண்டிலுமே பாசிட்டிவ் காட்டும்.

டாவோஸ் குழுவின் யோசனை அழகானது. ஆஸ்ப் எஃப் 1 வெளியே சுரப்பது, அலர்ஜி உள்ள யாரும் அதைச் சந்தித்திருப்பார்கள். ஆஸ்ப் எஃப் 4, எஃப் 6 இரண்டும் பூஞ்சையின் உள்ளே இருப்பவை. பூஞ்சை நுரையீரலுக்குள்ளேயே வளர்ந்து, உடைந்து சிதறினால்தான் உடம்பு அவற்றைப் பார்க்கும். எனவே 4-உம் 6-உம் பாசிட்டிவ் என்றால் ஏபிபிஏ. பல வருடங்கள் பாடப்புத்தகங்கள் இதைத்தான் சொல்லின. பின்னாளில் சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை தன் நோயாளிகளிடம் சோதித்தபோது, ஏபிபிஏவைப் பிரித்துக்காட்டுவதில் முன்னால் நின்றவை எஃப் 1-உம் எஃப் 2-உம். கோட்பாடு அழகாக இருக்கிறது என்பதற்காக நோய் அதன்படி நடக்க வேண்டியதில்லை. இப்படி மாறி வருவதை நான் குறையாக நினைக்கவில்லை. கஷாயத்தை வைத்துக்கொண்டு இந்த விவாதத்தை நடத்தியிருக்கவே முடியாது.

பரிசோதனை மட்டில் ரீகாம்பினன்ட் புரதங்கள் வேலைக்கு வந்துவிட்டன. ஆல்ட் ஏ 1, ஆஸ்ப் எஃப் 1, 2, 3, 4, 6 ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை விற்பனையிலேயே இருக்கிறது. சிகிச்சைதான் இன்னும் தள்ளாடுகிறது. அலர்ஜி தரும் பொருளையே சிறுகச் சிறுக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்கும் முறையை லண்டனில் லியோனார்ட் நூன் 1911-இலேயே மகரந்தத்தை வைத்துச் செய்துகாட்டினார். ஆல்டர்னேரியா சாற்றை வைத்துப் போலந்தில் குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும் மூன்று வருடம் நடத்திய ஆய்வு 2011-இல் வந்தது. முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாம் வருடத்தில் நோய்க்குறிகளையும் மருந்துத் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்ட மதிப்பெண் 63.5 சதவீதம் குறைந்தது. 2019-இல் ஸ்பெயினில் இருந்து வந்த ஆய்வு சாற்றையே விட்டுவிட்டு ஆல்ட் ஏ 1 ஒன்றை மட்டும் ஊசியில் கொடுத்தது. ஒரு ஊசிக்கு 0.37 மைக்ரோகிராம் வாங்கியவர்களுக்குப் பலன் தெரிந்தது. ஆனால் அது பூஞ்சையிலிருந்தே பிரித்துச் சுத்திகரித்த புரதம், ஈஸ்டில் செய்தது அல்ல.

பிர்ச் மகரந்தத்துக்கு ரீகாம்பினன்ட் புரதத்தை ஊசியாகப் போட்டு, சாற்றுக்கு அது குறைந்ததல்ல என்று 2008-இலேயே காட்டிவிட்டார்கள். அப்படியும் மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு ரீகாம்பினன்ட் புரதமும் சட்டத்தின் கண்ணில் ஒரு புது மருந்து, ஒவ்வொன்றுக்கும் முழு அளவிலான மனிதப் பரிசோதனை வேண்டும். மகரந்தத்துக்கே செலவழிக்கத் தயங்குகிறவர்கள் பூஞ்சைக்கு எங்கே செலவழிப்பார்கள்? என் கணிப்பு, முதலில் வருவதானால் ஆல்டர்னேரியாவுக்குத்தான் வரும். அந்த அலர்ஜி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆல்ட் ஏ 1 என்ற ஒற்றைப் புரதத்துக்கே எதிர்வினை காட்டுகிறார்கள், ஆகவே ஒரே ஒரு புரதத்தை ஈஸ்டில் செய்து அனுமதி வாங்கினால் போதும். ஆஸ்பெர்ஜில்லஸ் அப்படி ஒன்றில் அடங்குவதில்லை. அதன் ஆஸ்ப் எஃப் 1-இல் 7 முதல் 22 வரையுள்ள அமினோ அமிலங்களை வெட்டி, நச்சும் இல்லாமல் ஐஜிஇயும் அதிகம் பிடிக்காத ஒரு வடிவத்தை 2005-இலேயே செய்துவைத்திருக்கிறார்கள். அது ஊசியாகும்வரை ஏபிபிஏகாரர்களுக்குப் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைகள்தான்.